பண்டிகைகள் வேதத்திலேயே இருக்கும்போது தல்மூத் எதற்கு?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “பஸ்கா, கூடாரப் பண்டிகை, பாவநிவிர்த்தி நாள் எல்லாம் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் மாதம் தேதியோடு இருக்கின்றன. பிறகு யூதர்கள் ஏன் தல்மூதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? பண்டிகைக்கும் அந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? யூதரல்லாத நான் அதைப் படிக்கலாமா?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகப் படிக்கலாம். தல்மூத் என்பது யூத அறிஞர்களின் வாதங்களைப் பதிந்து வைத்த பெருந்தொகுப்பு. அதில் சன்ஹெத்ரின் என்ற நூலில் இதைப் பற்றியே ஒரு வாதம் உண்டு. பிற இனத்தார் தோராவை (மோசேயின் ஐந்து ஆகமங்களை) கற்கக் கூடாது என்று ரப்பி யோகனான் மிகக் கடுமையாகச் சொல்கிறார். உடனே அவருக்கு எதிராக ரப்பி மெயிரின் கூற்றை எடுத்து வைக்கிறார்கள்: தோராவில் ஈடுபடும் பிற இனத்தானும் தலைமைக் குருவுக்குச் சமம். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று அடுத்த வாதம் கிளம்புகிறது. உங்கள் கேள்விக்கே தல்மூத் இப்படித்தான் பதில் சொல்கிறது. பண்டிகைகளையும் இதே போக்கில்தான் கையாள்கிறது.

லேவியராகமத்தை மட்டும் படித்துவிட்டு இன்று எருசலேமிலோ நியூயார்க்கிலோ மும்பையிலோ ஒரு யூத வீட்டுக்குள் பஸ்கா இரவில் நுழைந்தால் குழம்பிப்போவீர்கள். பலியிட்ட ஆட்டுக்குட்டி இருக்காது. தட்டில் அதன் நினைவாக ஒரு எலும்பு இருக்கும். ஆளுக்கு நான்கு கிண்ணம் திராட்சரசம் குடிப்பார்கள். மோசேயின் ஐந்து ஆகமங்களில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. ஏழாம் மாதம் முதல் தேதி எக்காளம் ஊதி நினைவுகூரும் நாள் என்றுதான் லேவியராகமம் சொல்கிறது. அதைப் புத்தாண்டு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பாவநிவிர்த்தி நாளில் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்தச் சொல்கிறது. சாப்பிடாதே என்று அந்த வசனத்தில் இல்லை. விளக்குப் பண்டிகையான ஹனுக்கா அங்கே இருக்கவே வழியில்லை, அந்தக் கதை நடந்ததே பொ.ஆ.மு. 164-ல். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர் பலர் ஒரு நாள் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடுகிறார்கள். இவ்வளவும் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால் தல்மூதின் வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

காரணம் பொ.ஆ. 70. அந்த ஆண்டு ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அதுவரை பண்டிகை என்றால் ஆலயம்தான். ஆண்டுக்கு மூன்று முறை அங்கே போக வேண்டும், பலி செலுத்த வேண்டும், குருக்கள் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். ஆலயமே இல்லை என்றானபின் பண்டிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு விடை தேடும் பொறுப்பு, முற்றுகையிடப்பட்ட எருசலேமிலிருந்து சவப்பெட்டியில் ஒளிந்து வெளியேறினார் என்று தல்மூத் சொல்லும் யோகனான் பென் சக்காய் என்ற வேறொரு அறிஞரின் தலையில் விழுந்தது. கடற்கரைப் பக்கம் யாவ்னே என்ற சிற்றூரில் அறிஞர்கள் கூடினார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆலயம் இருந்த காலத்தில், புத்தாண்டு ஓய்வுநாளில் விழுந்தால் ஆலயத்தில் மட்டும் கொம்பு ஊதுவார்கள். வெளியூர்களில் ஊத மாட்டார்கள். ஆலயம் போன பிறகு அப்படி ஒரு புத்தாண்டு வந்தது. யோகனான் பென் சக்காய், “வாருங்கள், ஊதுவோம்” என்றார். பெத்தேரா குடும்பத்தார், “முதலில் விவாதிப்போம்” என்றார்கள். “முதலில் ஊதிவிடுவோம், பிறகு விவாதிக்கலாம்” என்றார் இவர். ஊதினார்கள். “சரி, இப்போது விவாதிப்போமா?” என்று அவர்கள் கேட்க, “யாவ்னேயில் கொம்புச் சத்தம்தான் ஏற்கெனவே கேட்டாயிற்றே! நடந்து முடிந்த காரியத்துக்கு மறுப்பு ஏது?” என்றுவிட்டார். வாதம் செய்வதையே உயிராகக் கொண்ட ஒரு நூல், அந்த வாதத்தைத் தட்டிக்கழித்த சாமர்த்தியத்தையும் கூச்சமில்லாமல் பதிந்து வைத்திருக்கிறது. ஆலயத்துக்குள் மட்டும் இருந்த ஒரு உரிமையை ஊருக்குக் கொண்டுவந்த தருணம் அது. கூடாரப் பண்டிகையில் ஏழு நாளும் குருத்தோலை பிடிப்பது ஆலயத்தில் மட்டும்தான், வெளியே ஒரே நாள். அதையும் ஆலயத்தின் நினைவாக எல்லா ஊரிலும் ஏழு நாள் என்று மாற்றியவர் இவரே.

தல்மூத் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது எங்கும் கிடைக்கும் தகவல். பொ.ஆ. 200 வாக்கில் யூதா ஹனாசி தொகுத்தது மிஷ்னா. ஆறு பெரும் பிரிவுகள், 63 நூல்கள். அதன்மேல் பாபிலோனியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், சூரா, பும்பெதித்தா போன்ற ஊர்களில் பல தலைமுறைகள் நடந்த வாதங்களின் பதிவு கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். மிஷ்னாவின் இரண்டாம் பிரிவான மோயெத், பண்டிகைகளுக்காகவே உள்ளது, 12 நூல்கள். ஒரு நூலின் பெயரே ‘முட்டை’. பண்டிகை நாளில் கோழி இட்ட முட்டையை அன்றே தின்னலாமா என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. ஷம்மாய் என்ற அறிஞரின் பள்ளியார் தின்னலாம் என்கிறார்கள், எதிர்த்தரப்பான ஹில்லேலின் பள்ளியார் கூடாது என்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டதும், மயிர் பிளக்கும் வேலை என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களுக்கு நான் எலிக் கதையைச் சொல்வது வழக்கம்.

பஸ்காவுக்கு முந்தைய இரவு, வீட்டில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் மிச்சமில்லாதபடி விளக்கு வைத்துத் தேட வேண்டும். இன்றும் செய்கிறார்கள். மிஷ்னா உடனே ஒரு பயத்தை எழுப்புகிறது: தேடி முடித்த அறைக்குள் கீரி போன்ற ஒரு பிராணி வேறு இடத்திலிருந்து ரொட்டியை இழுத்து வந்திருந்தால்? அப்படிப் பயப்பட வேண்டாம் என்று அதுவே பதிலும் சொல்கிறது. வீட்டுக்கு வீடு என்று சந்தேகப்பட்டால் முற்றத்துக்கு முற்றம், ஊருக்கு ஊர் என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முடிவே இல்லை. நல்ல தீர்ப்பு. வேறு நூலாக இருந்தால் இத்தோடு விட்டிருக்கும்.

நான்காம் நூற்றாண்டில் மகோசா ஊரில் வாழ்ந்த ராவா என்ற அறிஞர் விடவில்லை. ஒரு எலி வாயில் ரொட்டியோடு உள்ளே போகிறது. பிறகு ஒரு எலி வாயில் ரொட்டியோடு வெளியே வருகிறது. போன எலிதான் வந்ததா, இது வேறா? அதே எலிதான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எலி உள்ளே போய்க் கறுப்பு எலி வெளியே வந்தால்? கறுப்பு எலி வெள்ளையிடமிருந்து பிடுங்கியிருக்குமோ? எலிகள் ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்காது என்றால், எலி உள்ளே போய்க் கீரி வெளியே வந்தால்? கீரி பிடுங்கியிருந்தால் எலியையும் சேர்த்தல்லவா கவ்வி வந்திருக்கும்? சரி, கீரியின் வாயில் எலியும் ரொட்டியும் இருந்தால்? கடைசியில் தீர்ப்பு ‘தேய்க்கு’: கேள்வி அப்படியே நிற்கட்டும். அதற்கும் பிறகு, பாம்பின் வாயில் ரொட்டி இருந்தால் காசு கொடுத்துப் பாம்பாட்டியை அழைக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. அதுவும் தேய்க்கு.

இதில் சிரிப்பு இருக்கிறது, ராவாவுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் கேள்வியின் அடியில் இருப்பது கெட்டியான விஷயம். ஒரு இடம் சுத்தமானது என்று முடிவு கட்டிவிட்டோம். பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. அதைத் தீர்ப்பதுபோல் இன்னொரு அறிகுறியும் வருகிறது. எந்த அளவு ஒற்றுமை இருந்தால் ‘அதே பொருள்தான்’ என்று நம்பலாம்? சாட்சியச் சட்டம் படித்த யாருக்கும் இது பழகிய தலைவலி. எலியின் நிறத்தை மாற்றி மாற்றி ராவா ஒவ்வொரு அனுமானமாகச் சோதித்துப் பார்க்கிறார். தல்மூத் படிப்பு என்பது பெரும்பாலும் இந்த வேலைதான்: நிபந்தனையை ஒரு நூல் அளவு நகர்த்து, தீர்ப்பு மாறுகிறதா பார்.

இந்தப் பழக்கம் பஸ்கா இரவுச் சாப்பாட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. பஸ்காவுக்கான பெசாகிம் நூலின் பத்தாம் அதிகாரத்தில் அந்த இரவின் வரிசை இருக்கிறது. இரண்டாம் கிண்ணம் ஊற்றியதும் மகன் தகப்பனைக் கேட்க வேண்டும்: இந்த இரவு மட்டும் ஏன் மாறுபட்டது? மகனுக்கு விவரம் போதாவிட்டால் தகப்பன் சொல்லிக் கொடுக்க வேண்டும். கெமாரா இதை இன்னும் நீட்டுகிறது. மகனால் கேட்க முடியாவிட்டால் மனைவி கேட்கட்டும். அவளும் இல்லையென்றால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். பஸ்கா விதிகளைக் கரைத்துக் குடித்த இரண்டு அறிஞர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டும். பதில் தெரிந்தவன் ஏன் கேட்க வேண்டும்? கேட்பதே அன்றைய கடமை என்பதால்தான். பலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. அதற்கு ஒரு தடயமும் உண்டு. மிஷ்னாவில் உள்ள கேள்விகளில் ஒன்று, “மற்ற இரவுகளில் சுட்டும் அவித்தும் வேகவைத்தும் இறைச்சி தின்கிறோம், இன்று ஏன் சுட்டது மட்டும்?” என்பது. பலி நின்ற பிறகு அதற்குப் பொருளில்லை. இன்று அந்த இடத்தில், “இன்று ஏன் எல்லோரும் சாய்ந்து உட்காருகிறோம்?” என்ற கேள்வி இருக்கிறது. கேள்வியை மாற்றினார்களே தவிர, கேட்பதை நிறுத்தவில்லை.

ஏழையைப் பற்றியும் அந்த அதிகாரம் முதல் வரியிலேயே பேசிவிடுகிறது. தர்மச் சோற்றில் வாழ்பவனுக்கும் அன்று நான்கு கிண்ணத்துக்குக் குறையக் கூடாது. அவனும் சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சுதந்திர மனிதனைப் போல.

அடுத்து, பண்டிகையின் தேதி. இதில் நான் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன்.

பழைய முறையில் மாதம் பிறப்பது கணக்கால் அல்ல, கண்ணால். பிறையைப் பார்த்தவர்கள் எருசலேமுக்கு வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிகள் சலிக்காமல் வர வேண்டும் என்பதற்காக அவர்களுக்கென ஒரு பெரிய முற்றமும் விருந்துச் சாப்பாடும் இருந்தன என்று ரோஷ் ஹஷானா நூல் சொல்கிறது. மாதம் பிறந்தது என்று அறிவித்ததும் ஒலிவ மலையில் நீண்ட கேதுருக் கம்பங்களின் நுனியில் ஆளி நாரைக் கட்டிக் கொளுத்தி அசைப்பார்கள். அடுத்த மலையில் அதேபோல் தீ தெரியும்வரை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். மலைக்கு மலை தாவி, பாபிலோனியாவில் வாழ்ந்தவர்களின் ஊர்களே ஒரு தீக்குழிபோல் தெரியும்வரை அந்தச் செய்தி போகும். பிறகு சமாரியர் பொய்த் தீ மூட்டிக் குழப்பினார்கள் என்பதால் தீயை நிறுத்தித் தூதர்களை அனுப்பினார்கள். தூதன் நடந்து போக நாளாகும். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரியான தேதி தெரியாததால் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். வெளிநாட்டு யூதரின் இரண்டு நாள் பண்டிகை இங்கிருந்து வந்தது.

பிற்காலத்தில் கணக்கு நிலைத்துவிட்டது. 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பஸ்கா வசந்தத்தைவிட்டு நகராமல் இருக்க. தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. கணக்கு கையில் இருக்கும்போது இரண்டாம் நாள் எதற்கு என்று தல்மூதே கேட்கிறது. இஸ்ரேல் தேசத்திலிருந்து சொல்லி அனுப்பினார்களாம்: உங்கள் முன்னோரின் வழக்கத்தைக் கைவிடாதீர்கள், என்றாவது அரசு ஏதாவது ஆணையிட்டுக் கணக்கு குழம்பிவிடலாம். வேதத்தைப் படிக்கக்கூட அரசர்கள் தடை போட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இது வெறும் சாக்காகத் தோன்றாது.

இந்தத் தேதிச் சிக்கலில்தான் ரப்பன் கமாலியேலும் ரப்பி யோசுவாவும் மோதிக்கொண்டார்கள். (அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கமாலியேலின் பேரன் இவர்.) கமாலியேல் தன் மாடியறைச் சுவரில் பிறையின் வடிவங்களை வரைந்து வைத்து, “இப்படியா பார்த்தாய், அப்படியா?” என்று சாட்சிகளை விசாரிப்பவர். ஒருமுறை இரண்டு சாட்சிகள் வந்து, உரிய வேளையில் பிறையைப் பார்த்தோம், மறுநாள் இரவு அது தெரியவில்லை என்றார்கள். கமாலியேல் ஏற்றுக்கொண்டார். ரப்பி தோசா பொங்கிவிட்டார்: “பொய்ச் சாட்சிகள்! ஒருத்தி பிள்ளை பெற்றாள் என்று சொல்கிறார்கள், மறுநாள் பார்த்தால் அவள் வயிறு பல்லுக்கு நேராக நிற்கிறது!” யோசுவா, தோசா சொல்வதே சரி என்றார்.

வானியல்படி யோசுவா பக்கம்தான் நியாயம். ஆனால் கமாலியேல் சபைத் தலைவர். உன் கணக்குப்படி எது பாவநிவிர்த்தி நாளோ, அந்த நாளில் கையில் தடியோடும் பணத்தோடும் என் முன் வந்து நில் என்று ஆணை அனுப்பினார். மிகப் புனிதமான நாள் என்று தான் நம்பும் நாளைத் தானே மீற வேண்டும்! ரப்பி அகிபா போய்ப் பார்த்தபோது யோசுவா மனம் நொந்திருந்தார். அகிபா ஒரு வசனத்தைக் காட்டி, பண்டிகை நாளை அறிவிக்கும் உரிமை மனிதர்களிடம் தரப்பட்டுவிட்டது. உரிய நேரமோ இல்லையோ, அவர்கள் அறிவித்த நாள்தான் பண்டிகை என்றார். அந்தத் தோசாவே, இந்த நீதிமன்றத்தைக் கேள்வி கேட்டால் மோசே காலம் முதலான எல்லா நீதிமன்றத்தையும் கேள்வி கேட்க வேண்டிவரும் என்றார். யோசுவா தடியை எடுத்துக்கொண்டு யாவ்னேக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, “வா, என் குருவே, என் சீடனே” என்றார். அறிவில் குரு, என் சொல்லை ஏற்றதால் சீடன்.

இதைப் படித்துவிட்டு நெகிழ்பவர்களும் உண்டு, அதிகாரத்தின் ஆணவம் என்று கொதிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. பிறகு வேறொரு விவகாரத்திலும் யோசுவாவை இழிவுபடுத்தியதால் கமாலியேலைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள் என்று பெராக்கோத் நூல் சொல்கிறது. என் கட்சிக்கு அது ஆறுதல்.

ஹனுக்காவுக்கு மிஷ்னாவில் தனி நூல் கிடையாது. ஓய்வுநாள் விளக்குக்கு எந்தத் திரி, எந்த எண்ணெய் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் “ஹனுக்கா என்றால் என்ன?” என்று கெமாரா கேட்டுக்கொள்கிறது. போரைப் பற்றி ஒன்றிரண்டு சொற்கள். ஒரு நாளைக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம்தான் பதில். அதற்கு முன்பே பெரிய சர்ச்சை ஓடுகிறது. முதல் நாள் எட்டு விளக்கு ஏற்றித் தினம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வா என்கிறார்கள் ஷம்மாய் பள்ளியார். ஒன்றில் தொடங்கி எட்டுவரை கூட்டிக்கொண்டு போ என்கிறார்கள் ஹில்லேல் பள்ளியார். இன்று உலகம் முழுக்க நடப்பது ஹில்லேல் வழி. ஆனால் சீதோன் நகரில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள், ஒருவர் ஷம்மாய் சொன்னபடியும் மற்றவர் ஹில்லேல் சொன்னபடியும் ஏற்றினார்கள் என்று தல்மூத் குறித்து வைக்கிறது. திட்டு ஒன்றும் இல்லை. தோற்ற தரப்பின் காரணத்தையும் விடாமல் சொல்லித்தருவது இந்த நூலின் குணம். ஹில்லேல் பள்ளியாரின் தீர்ப்பு நிலைத்ததற்குக் காரணமே, தங்கள் கருத்தைச் சொல்லும்முன் எதிர்த்தரப்பின் கருத்தைச் சொன்னார்கள் என்பதுதான் என்று எருவின் நூல் காரணம் காட்டுகிறது.

ஹனுக்கா விளக்கு மிஷ்னாவில் வரும் மிகச் சில இடங்களில் ஒன்று நஷ்டஈட்டுச் சட்டம். ஆளி நார் ஏற்றிய ஒட்டகம் தெருவில் போகிறது; நார் கடைக்குள் நீட்டிக்கொண்டு போய் விளக்கில் பற்றிக் கட்டடம் எரிகிறது. பொறுப்பு ஒட்டகக்காரனுக்கு. கடைக்காரன் விளக்கை வெளியே வைத்திருந்தால் பொறுப்பு கடைக்காரனுக்கு. ரப்பி யூதா குறுக்கிடுகிறார்: அது ஹனுக்கா விளக்கென்றால் கடைக்காரனை விட்டுவிட வேண்டும். பண்டிகையின் வேலையே விளக்கை வெளியே வைப்பதுதானே.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சுக்கா நூலில் பண்டிகைக் கூடாரத்துக்கு ஒரு பக்கச் சுவராக யானையை நிறுத்தலாமா என்ற வாதம் இருக்கிறது. கட்டிப்போட்ட யானை என்றால் எல்லோரும் சம்மதம்; செத்து விழுந்தாலும் பத்துக் கைப்பிடி உயரத்துக்குக் குறையாது. அவிழ்த்துவிட்ட யானையில்தான் தகராறு. எஸ்தர் கதையை நினைவுகூரும் பூரிம் அன்று, ஆமானைச் சபிப்பதற்கும் மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று ராவா சொல்கிறார். அடுத்த வரியிலேயே ஒரு கதை: பூரிம் விருந்தில் போதை தலைக்கேறிய ரப்பா என்ற இன்னொரு அறிஞர் எழுந்து ரப்பி ஜெய்ராவை வெட்டிவிட்டார், மறுநாள் வேண்டி அவரை உயிர்ப்பித்தார். அடுத்த ஆண்டு மறுபடி விருந்துக்கு அழைத்தபோது ஜெய்ரா, “ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காது ஐயா” என்றார். விதியை மறுக்காமலேயே அதன் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

பாவநிவிர்த்தி நாளுக்கான யோமா நூலில் எட்டு அதிகாரம். ஏழு அதிகாரம் தலைமைக் குரு ஆலயத்தில் செய்ய வேண்டியதைப் பற்றியது. எழுதித் தொகுத்தபோது ஆலயம் இல்லை. எட்டாம் அதிகாரம் உபவாசம். அதில் நோயாளி பற்றி ஒரு விதி: எனக்குச் சாப்பாடு வேண்டும் என்று நோயாளி சொல்ல, வேண்டாம் என்று நூறு பேர் சொன்னாலும், நோயாளியின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். இருதயத்தின் கசப்பு அந்த இருதயத்துக்குத்தான் தெரியும் என்று நீதிமொழிகளைச் சான்று காட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் நடுக்கேள்விக்கு வருகிறேன்: பண்டிகைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? தல்மூத் பண்டிகையைப் பற்றிய நூல் என்பதோடு விஷயம் முடியவில்லை. படிப்பதையே ஒரு கொண்டாட்டமாகத்தான் அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இதற்கு நேரான சான்று ஒரு துக்க நாளில் இருக்கிறது. இரண்டு ஆலயங்களும் அழிந்த ஆப் மாதம் ஒன்பதாம் தேதி உண்ணக் கூடாது, குளிக்கக் கூடாது, தோல் செருப்பு போடக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்று: தோராவும் மிஷ்னாவும் தல்மூதும் படிக்கக் கூடாது. அவை மனத்தை மகிழ்விப்பவை என்பதே காரணம். புலம்பல், யோபு, எரேமியாவின் சோகப் பகுதிகள் மட்டும் அனுமதி. தல்மூதிலிருந்து எருசலேம் அழிந்த கதையைப் படிக்கலாம். விருந்துக்குத் தவறாக அழைக்கப்பட்ட ஒருவனைச் சபை நடுவே அவமானப்படுத்தியபோது, அறிஞர்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்ததில் அந்த அழிவு தொடங்கியது என்று சொல்லும் கதை அது.

அந்த மகிழ்ச்சி எவ்வளவு வரை போகலாம் என்பதிலும் சண்டைதான். ரப்பி எலியேசர் ஒரு பண்டிகை நாள் முழுக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பசி தாங்காமல் ஒரு கூட்டம் எழுந்து போனது. “இவர்கள் பெரிய சாடிக்காரர்கள்” என்றார். அடுத்த கூட்டம் எழுந்தது, “பீப்பாய்க்காரர்கள்.” அடுத்து குடம், அடுத்து குப்பி, அடுத்து கிண்ணம். ஆறாவது கூட்டம் எழுந்தபோது “இவர்கள் சாபத்துக்கு உரியவர்கள்” என்றுவிட்டார். எதிரே இருந்த சீடர்களின் முகம் மாறியது. “பிள்ளைகளே, உங்களைச் சொல்லவில்லை; நித்திய வாழ்வை விட்டுவிட்டுக் கணநேர வாழ்வைத் தேடிப்போனவர்களைச் சொன்னேன்” என்று சமாதானப்படுத்தினார். ரப்பி யோசுவா இதை ஏற்கவில்லை. பாதிநாள் கர்த்தருக்கு, பாதிநாள் உங்களுக்கு என்றார். சாப்பாட்டு விஷயத்தில் யூத உலகம் யோசுவா பக்கம் நின்றதில் ஆச்சரியமில்லை.

வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத் இன்னும் ஒரு படி மேல். தோராவில் அது அறுவடைப் பண்டிகை மட்டுமே. சீனாய் மலையில் தோரா தரப்பட்ட நாள் அதுதான் என்று இணைத்தது பிற்கால மரபு. அன்று இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கும் வழக்கம் 16-ஆம் நூற்றாண்டில், ஒட்டோமான் ஆட்சிப் பகுதியில், யோசேப் காரோ, சொலோமோன் அல்காபெட்ஸ் போன்றோரின் வட்டத்திலிருந்து பரவியது. காபி பரவிய காலமும் அதையொட்டியே என்பதால் இரண்டையும் முடிச்சுப்போடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

எனக்குப் பிடித்த முடிச்சு வேறொன்று. பஸ்காவுக்கு முந்தைய பகலில் வீட்டின் தலைப்பிள்ளைகள் உபவாசம் இருக்க வேண்டும். எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்தபோது தாங்கள் தப்பியதற்காக. ஆனால் தல்மூதின் ஒரு நூலைப் படித்து முடித்தால் அதற்கு ‘சியூம்’ என்று ஒரு விருந்து உண்டு. அந்த விருந்தில் கலந்துகொள்பவர் உபவாசத்தை விடலாம். அதனால் யாராவது ஒருவர் ஒரு நூலின் கடைசிப் பத்தியைச் சரியாக அன்று காலைக்கென்றே மிச்சம் வைத்திருப்பார். தொழுகைக்கூடத்தில் அவர் படித்து முடிப்பார், தலைப்பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டுவிட்டு கேக்கும் சாராயமும் எடுத்துக்கொள்வார்கள். இன்று ஊருக்கு ஊர் நடப்பது இது.

படிப்பது எப்படி என்பதற்கு: தனியாக வேண்டாம். மரபுப்படி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படித்துச் சண்டை போடுவார்கள்; அதற்கு ‘ஹவ்ரூத்தா’ என்று பெயர். ரேஷ் லாகிஷ் என்ற அறிஞர் இறந்த பிறகு அவருடைய இணையான ரப்பி யோகனானுக்கு வேறு ஒரு அறிஞரை அனுப்பினார்கள். அவர், யோகனான் எதைச் சொன்னாலும் “நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது” என்றார். யோகனான் கத்திவிட்டார்: “நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா? ரேஷ் லாகிஷ் 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் விரியும்!” உங்களுக்கு ஒரு ரேஷ் லாகிஷ் வேண்டும். தலையாட்டும் நண்பர் உதவமாட்டார்.

மூலம் எபிரேயமும் அரமேயமும் கலந்தது. ஸ்டைன்சால்ட்ஸின் உரையோடு கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு செஃபாரியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுப் பக்கத்தில் நடுவில் மூலம், ஒரு பக்கம் பிரான்சின் திரோயே ஊரில் 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபக்கம் அவருடைய பேரன்மார் காலத்தவர் அவரையே எதிர்த்து எழுதிய குறிப்புகள். முதலில் ராஷியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினம் ஒரு தாள் என்று 2,711 தாள்களை ஏறத்தாழ ஏழரை ஆண்டில் முடிக்கும் ‘தஃப் யோமி’ முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1923-ல் வியன்னா மாநாட்டில் ரப்பி மெயிர் ஷப்பிரோ முன்மொழிந்தது. அந்த ஆண்டின் புத்தாண்டு நாளிலேயே தொடங்கியது. உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே தாள் என்பது அழகான ஏற்பாடுதான். ஆனால் புதிதாக வருபவருக்கு அந்த வேகம் ஒத்துவராது என்பது என் எண்ணம். எலியின் நிறம் மாறுவதற்குள் அடுத்த தாள் வந்துவிடும். பெசாகிம் பத்தாம் அதிகாரத்தையோ சுக்கா நூலையோ எடுத்து, ஒரு பத்திக்கு ஒரு மாலை என்று போங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் தஃப் யோமியின் அடுத்த சுற்று 2027 ஜூனில் பெராக்கோத் நூலின் இரண்டாம் தாளில் தொடங்குகிறது. ஒன்றாம் தாள் எங்கே என்று தேட வேண்டாம். முகப்புப் பக்கத்தையே ஒன்றாக எண்ணிவிட்டதால் ஏறக்குறைய எல்லா நூலுக்கும் இரண்டில்தான் ஆரம்பம்.